2010 ஆல்டோ: பின்பக்கம் 'டொக்' சத்தம், ஷாக் அப்சார்பர் மாற்றச் சொல்கிறார்கள்

தென்காசிக்காரன்

எல்லாருக்கும் வணக்கம். 2010 மாடல் ஆல்டோ எல்எக்ஸ்ஐ. அப்பா வாங்கியது, இப்போது நான் ஓட்டுகிறேன். ஒரு லட்சம் கிலோமீட்டர் தாண்டிவிட்டது. கொஞ்ச நாளாகப் பின்பக்கம் வலது ஓரத்தில் 'டொக்' என்று ஒரு சத்தம். வேகத்தடையில் ஏறும்போது வராது, பின்சக்கரம் இறங்கும்போது வரும். சின்னக் குழியில் மெதுவாகப் போனால் நன்றாகக் கேட்கும். நாலுவழிச் சாலையில் எண்பதில் போனால் சத்தமே இல்லை. ரிவர்ஸ் எடுத்து பிரேக் பிடித்தாலும் சில சமயம் அதே 'டொக்'.

மெக்கானிக் டிக்கியை அமுக்கிப் பார்த்துவிட்டு, "ரெண்டு ஷாக்கும் போச்சு, மாத்திடலாம்" என்கிறார். புஷ் (இரும்பு மூட்டுகளில் வைக்கும் ரப்பர்) எல்லாம் போன வருஷம்தான் வேறொரு ஒர்க்‌ஷாப்பில் மாற்றினோம், பில் கையில் இருக்கிறது. அதனால் புஷ்ஷாக இருக்க வாய்ப்பில்லை. பதினைந்து வருஷம் முடிந்து ஆர்.சி. புதுப்பிக்கவும் வண்டியைக் காட்ட வேண்டும். ஷாக்கை வாங்கிப் போட்டுவிடலாமா?

ரெண்டாம்கியர்

ஷாக்தான் பாஸ், யோசிக்கவே வேண்டாம். இவ்வளவு ஓடிய வண்டிக்கு ஷாக் மாற்றுவது எப்படியும் வர வேண்டிய செலவு. அப்படியே பின்ஸ்பிரிங்குக்கு நடுவில் ரப்பர் பஃபர் ஒன்று போட்டுவிடுங்கள். பின்பக்கம் கொஞ்சம் தூக்கிக் கொடுக்கும், நாலு பேர் உட்கார்ந்தாலும் அடிதட்டாது. நான் போட்டிருக்கிறேன்.

லேத்துப்பட்டறை

தம்பி, ஷாக்குக்குக் காசு எடுத்து வைப்பதற்கு முன்னால் வண்டிக்கு அடியில் ஒரு தரம் படுத்துப் பாருங்கள். நீங்கள் எழுதியதிலேயே பாதி பதில் இருக்கிறது.

ஷாக் போன வண்டி சத்தம் போடுவதைவிட ஆடுவதுதான் அதிகம். வேகத்தடை தாண்டியதும் பின்பக்கம் ஒரு தரம் எழும்பி அடங்காமல் மறுபடியும் எழும்பும். வளைவில் குழி வந்தால் பின்பக்கம் தத்திக்கொண்டு வெளியே போகும். டயர் மேல் உள்ளங்கையை ஓட்டினால் மேடும் பள்ளமுமாகத் தட்டுப்படும். உங்களுக்கு இதில் எதுவும் இல்லை. ரிவர்ஸில் பிரேக் பிடித்தால் 'டொக்' என்றால் ஆக்ஸில் முன்னும் பின்னும் நகர்கிறது என்று அர்த்தம். அதைப் பிடித்து வைப்பது ஷாக்கின் வேலையே இல்லை.

ஆல்டோவின் பின்பக்கத்தில் பெரிய ரகசியம் எதுவும் கிடையாது. இரண்டு சக்கரத்தையும் சேர்த்து ஒரே ஆக்ஸில். அது முன்பின் போகாமல் பிடிக்க, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு டிரெயிலிங் ஆர்ம். இடம் வலம் போகாமல் இருக்க, ஒரு முனை பாடியிலும் மறுமுனை ஆக்ஸிலிலும் மாட்டிய லேட்டரல் ராடு ஒன்று. பாரம் தாங்க இரண்டு காயில் ஸ்பிரிங், துள்ளலை அடக்க இரண்டு ஷாக். ஆர்முக்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு புஷ், ராடுக்கு இரண்டு முனையிலும் ஒவ்வொன்று. ஆக மொத்தம் ஆறு புஷ். அது போக ஷாக்கின் மேல் கீழ் ரப்பர், ஸ்பிரிங் உட்காரும் ரப்பர், ஆக்ஸில் ரொம்ப மேலே வந்தால் தடுக்கும் பம்ப் ஸ்டாப்பர். பின்பக்கத்தில் கேட்கும் சத்தத்தில் முக்கால்வாசி இந்த ரப்பர்களில்தான் பிறக்கிறது.

முதலில் டிக்கியைக் காலி பண்ணுங்கள். ஜாக்கி, வீல் ஸ்பானர், ஸ்டெப்னி எல்லாவற்றையும் இறக்கிவிட்டு அதே சாலையில் ஒரு ரவுண்டு போய் வாருங்கள். ஸ்டெப்னியின் பிடி கொஞ்சம் லூசாக இருந்தாலும் ஷாக் போன மாதிரியே கேட்கும். சைலென்சரைத் தொங்கவிட்டிருக்கும் ரப்பரைக் கையால் ஆட்டிப் பாருங்கள். பின்சீட்டின் சாய்மானப் பூட்டும் 'டக் டக்' என்று ஆடும். இதையெல்லாம் பார்க்காமல் அடியில் படுப்பது வீண் வேலை.

அதன் பிறகும் சத்தம் இருந்தால் காலி இடத்தில் நடக்கும் வேகத்தில் உருட்டிக்கொண்டே ஹேண்ட்பிரேக்கைச் சட்டென்று இழுங்கள். ஹேண்ட்பிரேக் பின்சக்கரத்தை மட்டும்தான் பிடிக்கும், அதனால் ஆக்ஸில் ஆர்மைப் பிடித்து இழுக்கும். முன்னால் போகும்போது ஒரு தரம், ரிவர்ஸில் ஒரு தரம். இரண்டிலும் 'டொக்' என்றால் டிரெயிலிங் ஆர்ம் புஷ்ஷை விட்டு வேறெங்கும் முதலில் பார்க்க வேண்டாம்.

தென்காசிக்காரன்

ரொம்ப நன்றி அண்ணா. டிக்கியைக் காலி பண்ணி ஓட்டினேன், சத்தம் அப்படியே இருக்கிறது. ஹேண்ட்பிரேக் சோதனையில் ரிவர்ஸில் தெளிவாக 'டொக்', முன்னால் போகும்போது லேசாகத்தான். ஆனால் புஷ் புதுசாயிற்றே, அதுதான் புரியவில்லை. அடியில் எப்படிப் பார்ப்பது? வீட்டில் வண்டியோடு வந்த ஜாக்கி மட்டும்தான் இருக்கிறது.

லேத்துப்பட்டறை

அந்த ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் தலையை விடாதீர்கள். அது டயர் மாற்றுவதற்கு மட்டும்.

இன்னொன்றையும் நிறைய பேர் மறந்துவிடுகிறார்கள். பின்பக்கத்தைத் தூக்கினால் ஹேண்ட்பிரேக் இருந்தும் இல்லாத மாதிரிதான். அது பிடிக்கும் சக்கரங்கள் இரண்டும் அந்தரத்தில் இருக்கும். ஆல்டோ முன்சக்கரத்தில் ஓடும் வண்டி. அதனால் முதல் கியரில் போட்டு, முன்சக்கரம் இரண்டுக்கும் முன்னும் பின்னும் கட்டை கொடுக்க வேண்டும். சமதளமான கெட்டித் தரை வேண்டும். பாடியில் ஜாக்கி வைப்பதற்கென்று உள்ள இடத்துக்குக் கீழே, வண்டியைத் தாங்கி நிற்கும் இரும்பு ஸ்டாண்டு இரண்டு வேண்டும். அவசரத்தில் ஜாக்கியைக் கொண்டுபோய் லேட்டரல் ராடுக்கு அடியில் வைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன், ராடு வில் மாதிரி வளைந்துவிடும்.

ஆனால் உங்கள் வேலைக்கு வண்டியைத் தூக்கவே வேண்டாம் என்பேன். உங்கள் ஊரில் அடியில் இறங்கிப் பார்க்கக் குழி வெட்டிய வாட்டர் சர்வீஸ் (வண்டி கழுவும் இடம்) இருக்கும். சக்கரம் நான்கும் தரையில் நிற்க, வண்டி குழிக்கு மேல் நிற்கட்டும். சத்தம் வருவது பாரம் சக்கரத்தில் இருக்கும்போதுதானே? பார்க்க வேண்டியதும் அந்த நிலையில்தான். தூக்கித் தொங்கவிட்டால் ஸ்பிரிங் ஆக்ஸிலைக் கீழே தள்ளிவிடும், புஷ் ஒரு பக்கமாக இறுகி உட்கார்ந்துகொள்ளும், இருக்கிற ஆட்டமும் தெரியாமல் போகும்.

கூட ஒருவரை அழைத்துப் போங்கள். அவர் பின்கதவுக்குப் பின்னால் நின்று பாடியை இடமும் வலமுமாகத் தள்ளி ஆட்டட்டும். நீங்கள் கீழே நின்று லேட்டரல் ராடின் முனையில், புஷ்ஷும் அதை மாட்டியிருக்கும் பிராக்கெட்டும் சேரும் இடத்தில், விரல் நுனியை வையுங்கள். இடுக்குக்குள் விடாதீர்கள், மேலே ஒட்டி வைத்தால் போதும். நல்ல புஷ் என்றால் ரப்பர் மெத்தென்று நசுங்கி விரிவது தெரியும். போன புஷ்ஷில் ஒரு 'டிக்' விரலில் தட்டும். காதுக்குக் கேட்காத ஆட்டத்தைக்கூட விரல் காட்டிக் கொடுத்துவிடும்.

ஆர்ம் புஷ்ஷுக்கு டயர் லிவரோ நீளமான ஸ்க்ரூ டிரைவரோ எடுத்து ஆர்முக்கும் பிராக்கெட்டுக்கும் நடுவில் கொடுத்து முன்பின்னாக நெம்புங்கள். கொஞ்சம் அசையத்தான் செய்யும், ரப்பர் என்றால் அசைய வேண்டும். பார்க்க வேண்டியது வேறு. நடுவில் போல்ட் போகும் இரும்புக் குழல் வட்டத்துக்கு மையத்தில் இருக்கிறதா, ஒரு பக்கம் ஒதுங்கியிருக்கிறதா? ரப்பர் அந்தக் குழலை விட்டுப் பிரிந்து பிறை மாதிரி இடைவெளி தெரிகிறதா? நெம்பும்போது இரும்பும் இரும்பும் முட்டுகிறதா? மேல்தோலில் மயிரிழை வெடிப்பு இருந்தால் அது வயசு, அதற்காக மாற்ற வேண்டியதில்லை. வெடிப்பு உள்ளே இறங்கி, நெம்பினால் வாய் திறந்தால்தான் புஷ் முடிந்தது.

ஷாக்கைப் பார்ப்பதற்கு: உடம்பில் லேசான எண்ணெய்ப் பூச்சு, தூசி படிந்து காய்ந்திருந்தால் பரவாயில்லை. மேலிருந்து கீழ்வரை ஈரமாக வழிந்து, துடைத்தால் மறுபடி கசிந்தால் போய்விட்டது. ஒன்று போனாலும் இரண்டாகத்தான் மாற்ற வேண்டும்.

அப்புறம் ஸ்பிரிங். அடிச்சுற்று உட்காரும் கிண்ணத்தில் மண்ணும் தண்ணீரும் தேங்கும். அங்கேதான் துருப்பிடித்து நுனி ஒடியும். ஒடிந்த துண்டு அதே இடத்தில் உட்கார்ந்திருக்கும், எட்ட நின்று பார்த்தால் முழுசாகத்தான் தெரியும். பிரஷ்ஷால் தேய்த்துவிட்டு நுனி இருக்கிறதா என்று இரண்டு பக்கமும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

ரெண்டாம்கியர்

டிக்கியை அமுக்கிப் பார்ப்பது காலங்காலமாக எல்லா மெக்கானிக்கும் செய்கிற சோதனைதானே அண்ணா? அது தப்பு என்றால் எப்படி?

லேத்துப்பட்டறை

தப்பு என்று சொல்லவில்லை. அமுக்கி விட்டதும் வண்டி நாலைந்து தரம் ஆடினால் ஷாக் செத்துவிட்டது, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் ஆடாமல் நின்றால் ஷாக் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது. கையால் அமுக்கும் வேகம் வேறு, குழியில் சக்கரம் விழும் வேகம் வேறு. பழைய புஷ் இறுகிப்போய் அதுவே ஆட்டத்தைப் பிடித்து நிறுத்தும். இந்த வண்டியில் அமுக்கியபோது என்ன நடந்தது என்று தம்பி எழுதவில்லை. மெக்கானிக் சொன்னதை மட்டும்தான் எழுதியிருக்கிறார்.

பஃபர் விஷயத்தில் நான் உங்களோடு ஒத்துப்போக மாட்டேன். ஸ்பிரிங்கின் இரண்டு சுற்றுக்கு நடுவில் ரப்பரைத் திணித்தால் அந்தச் சுற்று வேலை செய்யாது, அதன் பங்கையும் மற்ற சுற்றுகள் சுமக்கும். வண்டி உயர்ந்த மாதிரி இருக்கும், உண்மையில் ஸ்பிரிங் கெட்டியாகிவிட்டது. அந்தக் கெட்டியை அடக்குவதற்கு ஏற்ற ஷாக் உங்களிடம் இல்லை. தளர்ந்த ஸ்பிரிங்கென்றால் ஸ்பிரிங்கை மாற்றுங்கள்.

ரெண்டாம்கியர்

நான் போட்டு நன்றாகத்தான் ஓடுகிறது. கிராமத்துச் சாலையில் நாலு பேரும் ஒரு மூட்டையும் ஏற்றிப் போகிறவனுக்கு அடிதட்டாமல் இருப்பதுதான் முக்கியம். ஆல்டோவுக்குத் தரையிலிருந்து இடைவெளியே 160 மி.மீ.தான், அதுவும் புது வண்டிக்கு. சத்தத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்பதை மட்டும் ஒத்துக்கொள்கிறேன்.

மூணாவதுஓனர்

பழைய வண்டி வாங்கி விற்பது என் தொழில். அடியில் இறங்கும்போது புஷ்ஷை மட்டும் பார்த்துவிட்டு ஏறிவிடாதீர்கள். டிரெயிலிங் ஆர்ம் பாடியில் மாட்டும் பிராக்கெட்டை ஸ்க்ரூ டிரைவரின் பிடியால் தட்டிப் பாருங்கள். கணீரென்று கேட்டால் நல்லது. சொத்தென்று கேட்டால் நுனியால் குத்துங்கள், உள்ளே இறங்கினால் துரு தகட்டைத் தின்றுவிட்டது. புஷ் இருநூறு முந்நூறு சமாச்சாரம், பிராக்கெட் போனால் வெல்டிங்.

சென்னை வண்டி என்றால் இதில் ரொம்பக் கவனம் வேண்டும். கடல் காற்று ஒரு பக்கம், 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் முங்கிய வண்டிகள் இன்னொரு பக்கம். சீட்டு, கம்பளம் எல்லாம் மாற்றிப் பளபளவென்று கொண்டுவந்து நிறுத்துவார்கள். அடியில் கறுப்புப் பெயிண்ட் புதுசாக அடித்திருந்தால் எனக்கு உடனே சந்தேகம் வந்துவிடும். ஸ்பிரிங் கிண்ணத்துக்குள்ளும் பிராக்கெட்டின் உள்பக்கமும் யாரும் பெயிண்ட் அடிக்க மாட்டார்கள், அங்கே டார்ச் அடித்துப் பார்ப்பேன்.

இன்னொரு சோதனை, செலவே இல்லாதது. சமதளத்தில் நிறுத்தி, பின்டயரின் வெளிப்பக்கத்துக்கும் மட்கார்டு விளிம்புக்கும் நடுவில் எத்தனை விரல் போகிறது என்று இரண்டு பக்கமும் பாருங்கள். ஒரு பக்கம் கூடவும் ஒரு பக்கம் குறையவும் இருந்தால் ஆக்ஸில் நகர்ந்திருக்கிறது. லேட்டரல் ராடு புஷ் போயிருக்கலாம், ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம், அடிபட்ட வண்டியாகவும் இருக்கலாம்.

அரைப்பாகை

மேலே சொன்னதில் ஸ்பிரிங் தளர்ந்தால் ஆக்ஸில் ஏன் பக்கவாட்டில் போகிறது என்று கேட்பவர்களுக்கு: லேட்டரல் ராடின் ஒரு முனை பாடியில் நிலையாக இருக்கிறது. மறுமுனை ஆக்ஸிலோடு ஏறி இறங்கும்போது ஒரு வட்டத்தின் விளிம்பில்தான் போக முடியும். ராடு ஏறக்குறையப் படுக்கை மட்டத்தில் இருக்கும்போது ஏற்ற இறக்கத்தால் பக்கவாட்டு நகர்வு மிகக் குறைவு. ஸ்பிரிங் தளர்ந்து ராடு சாய்வாகிவிட்டால் அதே ஏற்ற இறக்கத்துக்கு நகர்வு அதிகம். கிட்டத்தட்ட எல்லா லேட்டரல் ராடு வண்டிக்கும் இது உண்டு. புது வண்டியிலும் கொஞ்சம் இருக்கும், ஆனால் ஓட்டுபவருக்குத் தெரியாது.

யாழ்ப்பாணத்தான்

வணக்கம். நான் யாழ்ப்பாணத்தில் ஆல்டோ ஓட்டுறன். 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்தின பிறகு இங்க பழைய ஆல்டோவும் தங்கம் மாதிரி விலை போச்சு. 2025இல் திரும்பத் திறந்துவிட்டாலும் வரியோடு புதுசு வாங்குறது எல்லாருக்கும் கட்டுப்படியாகாது. அதால இருக்கிறதைத்தான் பழுது பார்த்து ஓட்டுறம்.

என்ர வாகனத்தில 'டொக்' இல்லை, 'கிரீச்' எண்டு ஒரு சத்தம், காலையில கூட. வாகனம் திருத்துற கராச்சில ஒவ்வொரு சேர்விசுக்கும் அடியில பழைய என்ஜின் ஓயில் அடிச்சு விடுகினம். ரெண்டு மூண்டு நாளைக்குச் சத்தம் நிக்குது, பிறகு முந்தினதைவிடக் கூட வருது. ஏன்?

லேத்துப்பட்டறை

ஐயா, அந்த ஆயிலை நிறுத்தச் சொல்லுங்கள். இயற்கை ரப்பருக்கு பெட்ரோலிய எண்ணெய் விஷம். முதலில் ரப்பர் ஊறி உப்பும், அதனால் சத்தம் அடங்கும். அப்புறம் பிசுபிசுத்து உதிரும். நம் ஊர் வாட்டர் சர்வீஸில் கடைசியாக டீசல் ஸ்ப்ரே என்று ஒன்று அடிப்பார்கள். தகட்டுக்குத் துருப்பிடிக்காது என்று அடிக்கிறார்கள், ஆனால் அது ஆறு புஷ்ஷிலும் போய் உட்காருகிறது. நான் என் வாடிக்கையாளர்களிடம் தண்ணீரோடு நிறுத்தச் சொல்லிவிடுவேன்.

எந்த ரப்பர் கத்துகிறது என்று கண்டுபிடிக்க ஒரு பாட்டிலில் சோப்புத் தண்ணீர் எடுத்து ஒவ்வொரு புஷ்ஷாக அடியுங்கள். ஒன்றை நனைத்து வண்டியை ஆட்டுங்கள், சத்தம் இருந்தால் அடுத்ததை நனையுங்கள். எதை நனைத்ததும் நிற்கிறதோ அதுதான் ஆள். சிலிக்கான் கிரீஸ் ரப்பரை ஒன்றும் செய்யாது, அதைத் தடவலாம். காலையில் அதிகம் என்பதால் ஸ்பிரிங் சீட் ரப்பரையும் பாருங்கள், காய்ந்து இறுகியிருக்கும்.

யாழ்ப்பாணத்தான்

சோப்புத் தண்ணி நல்ல யோசனை. நன்றி அண்ணை.

தென்காசிக்காரன்

குழியில் இறங்கிப் பார்த்துவிட்டேன். மைத்துனர் மேலே நின்று தள்ளினார்.

லேட்டரல் ராடு இரண்டு முனையும் சரியாக இருக்கிறது, விரலில் எதுவும் தட்டவில்லை. ஷாக் இரண்டும் காய்ந்திருக்கின்றன. இடது ஷாக்கின் கீழே கொஞ்சம் பழைய தூசிப் பிசுக்கு, துடைத்த பிறகு ஈரம் வரவில்லை. ஸ்பிரிங் நுனி இரண்டு பக்கமும் முழுசாக இருக்கிறது. பிராக்கெட் தட்டினால் நல்ல சத்தம்தான்.

வலது டிரெயிலிங் ஆர்மின் முன் புஷ்ஷில்தான் கோளாறு. ரப்பர் பார்க்கப் புதுசாக, கறுப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் நடுக் குழலைச் சுற்றிக் கீழ்ப்பக்கம் அரை வட்டத்துக்குக் கிழிந்து, அதற்குள் தூள் தூளாக ரப்பர் மாவு. லிவர் கொடுத்தால் இடைவெளி திறந்து 'டக்' என்று முட்டுகிறது. இடது பக்கம் அதே இடத்தில் கிழிசல் ஆரம்பித்திருக்கிறது. ஆக்ஸில் பக்கத்துப் புஷ்களில் ஒன்றும் தெரியவில்லை. ஒரே வருஷத்தில் இப்படி ஆகுமா? போலி ஸ்பேரா?

லேத்துப்பட்டறை

போலியாகவும் இருக்கலாம். ஆனால் ரப்பர் மெத்தென்றும் கறுப்பாகவும் இருந்துகொண்டு குழலைச் சுற்றிக் கிழிந்திருக்கிறது என்றால் எனக்கு முதல் சந்தேகம் போல்ட்டை முறுக்கிய விதத்தில்தான். போன வருஷம் வண்டியை லிஃப்ட்டில் தூக்கி, சக்கரம் தொங்கும்போதே புஷ்ஷைப் போட்டு, அப்படியே ஃபுல் டைட் வைத்திருப்பார்கள். தொங்கும் நிலையில்தான் கை நன்றாகப் போகும், வேலை சீக்கிரம் முடியும். அதனால் பல இடத்தில் அப்படித்தான் செய்கிறார்கள்.

இந்த வகைப் புஷ் சுழலாது. வெளி வளையம் ஆர்முக்குள் இறுகியிருக்கும், உள்குழலை போல்ட் பிராக்கெட்டோடு சேர்த்து நெருக்கிப் பிடித்துக்கொள்ளும். இரண்டுக்கும் நடுவில் உள்ள ரப்பர் முறுக்கிக்கொண்டுதான் ஆர்ம் ஏறி இறங்க இடம் கொடுக்கிறது. போல்ட்டை எந்த நிலையில் டைட் வைக்கிறோமோ அதுதான் ரப்பருக்கு ஓய்வு நிலை. தொங்கும்போது டைட் வைத்தால் வண்டி தரையில் சும்மா நிற்கும்போதே ரப்பர் முறுக்கேறி நிற்கும். ராத்திரி பூரா வீட்டு வாசலில் நின்றாலும் முறுக்கு விடாது. அதற்கு மேல் ஒவ்வொரு குழியிலும் இன்னும் கொஞ்சம் முறுக்கல்.

அரைப்பாகை

கணக்காகவே பார்க்கலாம். ஆர்மின் நீளம் 40 செ.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். தூக்கினால் ஆக்ஸில் 8 செ.மீ. கீழே இறங்குகிறது என்று வையுங்கள். எட்டை நாற்பதால் வகுத்தால் 0.2, கோணம் பதினொன்றரைப் பாகை. தொங்கும் நிலையில் இறுக்கிய புஷ், வண்டி இறங்கிய நிமிஷத்திலிருந்து அந்தப் பதினொன்றரைப் பாகை முறுக்கிலேயே இருக்கும். நாலு பேர் ஏறினால் இன்னும் நாலைந்து பாகை கூடும், பெரிய குழியில் அதற்கும் மேல். சரியான உயரத்தில் இறுக்கியிருந்தால் முறுக்கு மேலும் கீழுமாகப் பங்கிட்டுப் போயிருக்கும்.

லேட்டரல் ராடு புஷ் பிழைத்ததற்கும் இதுவே காரணமாக இருக்கலாம். ராடு ஆர்மைவிட நீளம், அதே இறக்கத்துக்குக் கோணம் பாதிகூட வராது.

தென்காசிக்காரன்

இது எனக்குப் புது விஷயம். அப்போது சரியாக எப்படி இறுக்குவது? வண்டி தரையில் இருந்தால் ஸ்பானர் போட இடம் இல்லையே.

லேத்துப்பட்டறை

குழியிலேயே செய்யலாம், அதுதான் சுலபம். வண்டியைத் தூக்கிப் புஷ் மாற்றி, போல்ட்டைக் கையால் ஓடும் அளவுக்கு மட்டும் போட்டு, நட்டை நெருக்காமல் விடுங்கள். சக்கரத்தை மாட்டி வண்டியை இறக்கி, டிக்கியைப் பிடித்து நன்றாகக் குலுக்கி உட்கார விடுங்கள். அப்புறம் குழியிலிருந்து முழு டைட். எவ்வளவு முறுக்க வேண்டும் என்பது சர்வீஸ் மேனுவலில் இருக்கிறது, முறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்ச் வைத்துச் செய்யச் சொல்லுங்கள். குழி இல்லாத இடத்தில் பாடியை ஸ்டாண்டில் நிறுத்தி, ஆக்ஸிலுக்கு அடியில் ஜாக்கி கொடுத்து, பாடி ஸ்டாண்டை விட்டு லேசாக எழும்பப் பார்க்கும் வரை ஏற்றினால் கிட்டத்தட்ட அதே உயரம் வந்துவிடும்.

கழற்றுவதுதான் சில சமயம் சண்டை. போல்ட் உள்குழலோடு துருப்பிடித்து ஒன்றாகிவிடும். முந்தின நாளே துருவிளக்கும் ஸ்ப்ரே அடித்து ஊற விடுங்கள். சுத்தியலால் போல்ட் மரையில் நேரடியாக அடிக்க வேண்டாம், நட்டை விளிம்புவரை கழற்றி அதன் மேல் அடிக்கலாம். உங்களுடையது ஒரு வருஷம்தான் ஆகிறது, அவ்வளவு முரண்டு பிடிக்காது. புது போல்ட்டின் வழுவழுப்பான உடம்பில் கிரீஸ் ஒரு பூச்சு, ரப்பரில் படாமல்.

புஷ் ஏற்றுவதற்கு சுத்தியல் வேலை வேண்டவே வேண்டாம். லேத்துப் பட்டறையில் அழுத்தி ஏற்றும் பிரஸ் மெஷின் இருக்கும், வெளி வளையத்தைப் பிடித்து அழுத்த வேண்டும். உள்குழலில் வைத்து அழுத்தினால் போடும்போதே ரப்பர் பிய்ந்துவிடும். கடையில் ஆர்ம் முழுசாகவும் கிடைத்தால் விலையைக் கேட்டுப் பாருங்கள். கூலியும் புஷ்ஷும் சேர்ந்து அதற்குப் பக்கத்தில் வந்தால் ஆர்மாகவே வாங்கிவிடலாம்.

அம்பாசடர்பிரியன்

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். பாரம் இறங்கிய பிறகுதான் கடைசி டைட் என்பது எங்கள் அம்பாசடர் போன்ற பட்டை ஸ்பிரிங் வண்டிக்கும் பொருந்தும். ஸ்பிரிங் கண்ணில் (பட்டையின் வளைந்த முனையில்) உள்ள ரப்பர் புஷ்ஷும் இதே கதைதான். எங்களுக்குக் கூடுதலாக, பட்டையை ஆக்ஸிலோடு சேர்த்துப் பிடிக்கும் யூ போல்ட் ஒன்று. பட்டை வேலை பார்த்தால் கொஞ்சம் ஓட்டிவிட்டு யூ போல்ட்டை மறுபடி முறுக்க வேண்டும். அது தளர்ந்தால் பட்டைகளுக்கு நடுவில் போகும் சென்டர் போல்ட் முழுப் பாரத்தையும் வாங்கி ஒடியும், ஆக்ஸில் ஒரு பக்கம் பின்னால் போய்விடும். உத்தரபாரா தொழிற்சாலையில் அம்பாசடர் தயாரிப்பு நின்றது 2014இல். ஸ்பேருக்குச் சென்னைப் புதுப்பேட்டையின் பழைய பாகக் கடைகள்தான் கதி.

தென்காசிக்காரன்

வேலை முடிந்தது. ஆர்மின் முன் புஷ் இரண்டு பக்கமும் மாற்றினேன், மாருதி ஜென்யூன் பார்ட்ஸ் பெட்டியில் வந்தது. ஷாக் பழையதுதான். மெக்கானிக்கிடம் "கடைசி டைட் குழியில் வைத்துத்தான்" என்றதும் ஒரு மாதிரி பார்த்தார். பழைய புஷ்ஷைக் கையில் கொடுத்துக் கிழிசலைக் காட்டினேன், அப்புறம் ஒன்றும் சொல்லாமல் இறங்கிச் செய்து கொடுத்தார். நல்ல கைவேலைக்காரர், அதை மறுக்கக் கூடாது. ரிவர்ஸில் சத்தம் போய்விட்டது, வேகத்தடையிலும் இல்லை.

ஒரே ஒரு சந்தேகம். ஸ்டியரிங்கை நேராகப் பிடித்தால் வண்டி லேசாக இடது பக்கம் போகிறது. முன்பு இப்படி இல்லை.

அரைப்பாகை

கிழிந்த புஷ்ஷோடு அலைன்மென்ட் (சக்கரங்கள் நிற்கும் கோணம்) பார்த்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். வலது ஆர்மில் ஆட்டம் இருந்ததால் ஆக்ஸில் கொஞ்சம் கோணலாக நின்றிருக்கும். பின்பக்கம் கோணலாகத் தள்ளினால் வண்டி நேராகப் போக ஸ்டியரிங்கைச் சாய்த்துப் பிடிக்க வேண்டும். அலைன்மென்ட் கடையில் அதற்கு ஏற்றபடி முன்சக்கரத்தைத் திருப்பி ஸ்டியரிங்கை நேராக்கிக் கொடுத்திருப்பார்கள். இப்போது பின்பக்கம் நேராகிவிட்டது, முன்பக்கம் பழைய கோணலுக்கு ஏற்றபடி நிற்கிறது.

டயர் காற்றை முதலில் சரிபாருங்கள், பிறகு அலைன்மென்ட். நான்கு சக்கரமும் அளக்கும் இடத்துக்குப் போங்கள். ஆல்டோவில் பின்சக்கரத்துக்குத் திருகி வைக்க எதுவும் கிடையாது, அதனால் பல இடத்தில் முன்பக்கம் மட்டும் பார்த்து அனுப்பிவிடுவார்கள். திருப்ப முடியாவிட்டாலும் பின்பக்க அளவைக் காகிதத்தில் எடுத்துக் கேளுங்கள். புது புஷ்ஷுக்குப் பிறகும் அதில் கோணல் காட்டினால் ஆர்ம் வளைந்திருக்கிறதா என்று இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டியிருக்கும்.

மூணாவதுஓனர்

அப்படியே பின்வீல் பேரிங்கையும் ஒரு தரம் பார்த்துவிடுங்கள். டயரின் உச்சியிலும் அடியிலும் கையை வைத்து மாற்றி மாற்றித் தள்ளினால் ஆட்டம் தெரியும். ஓடும்போது 'ஊங்' என்று வேகத்தோடு ஏறும் சத்தம் அதுதான். நிறைய பேர் அதை டயர் சத்தம் என்று விட்டுவிடுவார்கள்.

தென்காசிக்காரன்

பேரிங்கில் ஆட்டம் இல்லை. அலைன்மென்ட் பார்த்துவிட்டேன், பின்பக்க அளவு சரியாக வந்தது. இப்போது நேராகப் போகிறது. எல்லாருக்கும் நன்றி.

ரெண்டாம்கியர்

நல்லது பாஸ். ஷாக்குக்கான காசு மிச்சம். லேத்து அண்ணா, என் தம்பியிடம் முதல் தலைமுறை ஸ்விஃப்ட் இருக்கிறது. அதிலும் இதே ஆறு புஷ்தானா?

லேத்துப்பட்டறை

இல்லை. ஸ்விஃப்டில் டார்ஷன் பீம், இரண்டு பின்சக்கரத்தையும் இணைத்து முறுக்கிக்கொடுக்கும் ஒரே உத்திரம். தனி ஆர்மும் கிடையாது, லேட்டரல் ராடும் கிடையாது. பீம் பாடியோடு சேரும் இடத்தில் பக்கத்துக்கு ஒன்றாகப் பெரிய புஷ் இரண்டே இரண்டு. சோதனை அதேதான், ஹேண்ட்பிரேக் இழுத்துப் பார்க்கலாம், லிவர் கொடுத்தும் பார்க்கலாம். கடைசி டைட் தரையில் என்பதும் அதேதான்.

இந்த மாதிரிப் பெரிய புஷ்களில் ரப்பருக்கு நடுவில் வேண்டுமென்றே பள்ளம் விட்டிருப்பார்கள், அதைப் பார்த்துக் கிழிந்துவிட்டது என்று நினைத்துவிட வேண்டாம். ஓரம் வழுவழுவென்று அச்சில் வார்த்த மாதிரி இருந்தால் அது கம்பெனி விட்ட பள்ளம். கிழிசல் என்றால் ஓரம் சொரசொரவென்று இருக்கும், மாவு உதிரும். அந்தப் பள்ளம் எந்தத் திசையைப் பார்க்கிறது என்பதும் கணக்கு. கழற்றுவதற்கு முன்னால் பீமில் பெயிண்டால் ஒரு கோடு போட்டு வைக்கச் சொல்லுங்கள், புதுசை அதே திசையில் ஏற்ற வேண்டும்.